அம்மாக்களுக்குத் தெரியாததா, கைக்கு எட்டாததா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 6 ஜூலை 2025

கோலாலம்பூரில் வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கம் கட்டிய பிபிஆர் அடுக்குமாடிகளில் வளரும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காலையில் மிலோ, மத்தியானம் மேகி, இரவு ரொட்டி சானாய். எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயது போல இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனோ பத்து வயதில் அறுபது கிலோ. அரசாங்க கிளினிக் இருக்கிறது, பள்ளியில் சாப்பாடு கொடுக்கிறார்கள், கோயிலில் அன்னதானம் நடக்கிறது. இவ்வளவு இருந்தும் இப்படி என்றால், அம்மாக்களுக்குச் சத்துணவு பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பதுதானே காரணம்? ஒவ்வொரு கோயில் மண்டபத்திலும் விழிப்புணர்வு முகாம் நடத்தினால் ஐந்து வருடத்தில் மாற்றிவிடலாம். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

6 ஜூலை, இரவு

மறுக்கிறேன். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். பதினோரு வருடமாகக் கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் வீடு வீடாக ஏறி, பிள்ளைகளின் உயரமும் எடையும் எடுத்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதி வருகிறேன். நீங்கள் பார்த்தது உண்மை. சொன்ன காரணம் தவறு. நாளை காலை ஏழு மணிக்குச் செந்தூலில் இருக்க வேண்டும். விவரமாகப் பிறகு.

9 ஜூலை

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பதினான்காவது மாடி. அம்மா, மூன்று பிள்ளைகள், அம்மாவைப் பெற்ற பாட்டி. அம்மாவுக்கு ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். கடைசிக் குழந்தைக்குப் பத்தொன்பது மாதம்.

எங்கள் முறை இதுதான்: நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை வாயில் போனது எல்லாம், எந்த மங்கில், எந்தக் கரண்டியில், எத்தனை கரண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. குழந்தை சாப்பிட்டது: காலையில் பாட்டி பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கலக்கிய மிலோ, இரண்டு பிஸ்கட். மத்தியானம் சோறு, பொரித்த முட்டை, கிச்சாப் என்ற சோயா சாறு. இரவும் சோறு, மிச்ச முட்டை, கிச்சாப். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு வகை உணவு எண்ணுவோம், ஒரு நாளில் குறைந்தது ஐந்தாவது வர வேண்டும். இங்கே தானியம் ஒன்று, முட்டை ஒன்று. இரண்டோடு முடிந்தது.

சரி, இந்த வயதுக் குழந்தைக்கு என்னென்ன கொடுக்கணும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கீரை, மீனு, பருப்பு, ஆரஞ்சுப் பழம். கிளினிக் சுவத்துல ஒட்டியிருக்கிறத அப்படியே சொல்லட்டுமா மிஸ்ஸி? எங்கம்மா தோட்டத்துல முருங்கக்கீர ஒடிச்சிப் போட்டுத்தான் எங்கள வளத்தாங்க. எனக்குத் தெரியாதா?"

பிறகு அவரே அடுப்பைக் காட்டினார். பாட்டிக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). கண் பார்வை மங்கிவிட்டது. ஒருமுறை துணியில் தீப்பிடித்திருக்கிறது. அதிலிருந்து பகலில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகவே விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா சமைப்பதுதான் இரவு வரைக்கும். காலையில் வதக்கிய கீரை மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். மீனை அந்த வெயிலில் வெளியே வைக்க முடியாது. ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுபடி சூடாக்க ஆள் இல்லை. பருப்பு வேக நேரமாகும், காஸ் தோங் (சிலிண்டர்) ஒன்று 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. முட்டை மூன்று நிமிடத்தில் பொரிந்துவிடும், மூடி வைத்தால் மத்தியானம் வரை தாங்கும். பாட்டியால் தடவிப் பார்த்தே பிட்டுக் கொடுக்க முடியும், முள் கிடையாது.

அந்தக் கண் மங்கிய பாட்டியை, ஐந்து மணியை, ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு எவ்வளவோ யோசித்துத்தான் அந்த அம்மா முட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் முட்டைதான் பொரித்திருப்பேன். இவரை மண்டபத்தில் உட்காரவைத்து என்ன சொல்லித் தருவீர்கள்?

10 ஜூலை

எண்கள் கேட்டவருக்கு. 2018இல் யுனிசெஃப் கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் எடுத்த ஆய்வு வெளிவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அதே அடுக்குமாடிகளில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிய எடை. நீங்கள் பார்த்த குட்டைப் பிள்ளையும் அறுபது கிலோப் பையனும் ஒரே மாடிப்படியில் இருப்பது தற்செயல் இல்லை. வயிற்றை நிரப்பும் மலிவான சாப்பாடு ஒருவனை வளரவிடாது, இன்னொருவனை ஊதவைக்கும். சில வேளை ஒரே பிள்ளைக்கு இரண்டும் நடக்கும்.

இது அடுக்குமாடியோடு நிற்கிற சங்கதியும் இல்லை. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் நாடு முழுவதற்கும் குட்டைத்தன்மை 2015இல் 17.7 விழுக்காடு, 2019இல் 21.8, 2022இல் 21.2. ஐந்தில் ஒரு பிள்ளை. அடுக்குமாடியில் வேகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மிலோவைப் பால் வகையில் ஏன் எண்ணவில்லை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, அதில் எனக்கே ஒரு உறுத்தல் இருக்கிறது. தனியாக எழுதுகிறேன்.

21 ஜூலை

"நம்ம ஆளுங்க பரம்பரையே குட்டைதான், வெள்ளைக்காரன் அளவை வைத்துப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அடுக்குமாடியிலும் தினமும் கேட்கிறேன்: "அப்பா குள்ளம் மிஸ்ஸி, அதான்."

இப்போது நாம் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவு 2006இல் வந்தது. அதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். இந்தியாவில் எடுத்தது தெற்கு தில்லிக் குழந்தைகளை. தாய்ப்பால் குடித்து, அம்மா புகைக்காமல், வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லாமல் வளர்ந்த குழந்தைகள் ஆறு நாட்டிலும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆகவே ஐந்து வயதுக்குள் தெரியும் குட்டைத்தன்மையைப் பரம்பரை மேல் போட்டுவிட்டுப் போக முடியாது. அப்பா குள்ளமாக இருப்பதற்கே தோட்டத்து லயத்தில் அவர் அரைவயிற்றோடு வளர்ந்தது காரணமாக இருக்கலாம்.

அளப்பதும் லேசான வேலை இல்லை. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. ஒரே பிள்ளையைப் படுக்கவைத்தால் 0.7 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வரும். இரண்டேகால் வயதுப் பெண் ஒருத்தி நிற்கவே மாட்டேன் என்று பலகையில் படுத்துக்கொண்டு "தூங்குறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். படுத்தபடியே அளந்து, 0.7ஐக் கழித்து எழுதினேன். எழுந்த பிறகு, பலகையை வீட்டிலேயே விட்டுப் போகச் சொன்னாள்.

3 ஆகஸ்ட்

ஜூலை 9இல் நான் எழுதியதை மறுபடி படித்தேன். அந்த அம்மாவைப் பற்றி எழுதியது சரி. ஆனால் அவரைக் காட்டி, யாருக்குமே தெரியாமை இல்லை என்பது போல எழுதிவிட்டேன். அது சரியில்லை. கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

டின் விஷயம். நம் வீடுகளில் "பால் டின்" என்று ஒன்று எப்போதும் இருக்கும். தேத்தண்ணிக்கு, மிலோவுக்கு, ரொட்டிக்கு, அப்புறம் குழந்தையின் புட்டிக்கும். அந்த டின்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பாலே இல்லை, இனிப்பு கிரீமர். பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய், கிட்டத்தட்ட பாதி சீனி, பாலின் புரதம் மிகக் குறைவு. கட்டிப்பாலும் கிரீமரும் ஒரே அளவு டின், மேலே ஒரே மாதிரிப் படம். ஒரு வீட்டில் பதினாறு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு நான்கு புட்டி இதைத்தான் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. முன் பற்கள் கறுத்திருந்தன. கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று டின்னின் ஓரத்தில் மலாயில் சின்ன எழுத்தில் இருந்ததை நான் படித்துக் காட்டியபோது அந்த அம்மா அழுதுவிட்டார். "பாலுன்னு நம்பித்தான மிஸ்ஸி குடுத்தேன். சோத்துக்குக் காசு இல்லன்னாலும் இதுக்குக் காசு வச்சிருப்பேன்."

ஆகவே அந்தப் பத்தொன்பது மாதக் குழந்தையின் மிலோவைப் பாலாக எண்ணாததற்குக் காரணம் அதில் கலந்தது கிரீமர் என்பதுதான்.

தேத்தண்ணியும் இப்படித்தான். சோறு சாப்பிட்ட கையோடு தே-ஓ, அதாவது பாலில்லாத தேத்தண்ணி, குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது. இதற்கு ஒரு காசு செலவில்லை, ஆனால் நான் கேட்ட பெண்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2019 தேசிய ஆய்வில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை.

எனவே முகாமே வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடத்தினால் துப்புரவு வேலைக்குப் போகிற அம்மா வரமாட்டார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், இரவு எட்டரைக்கு, இரண்டு டின்னைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் மணி நேரம். அப்படி என்றால் நான் வருகிறேன்.

17 ஆகஸ்ட்

புழுங்கல் அரிசி நல்லதா பச்சரிசியா என்று ஒருவர் கேட்டார். இந்த ஊரோடும் என் தொழிலோடும் ஒட்டிய ஒரு பழைய கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

நூற்றிருபது வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி கொத்துக்கொத்தாகக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், இதயம் நிற்கும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் நிறைய பேர் செத்தார்கள், தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. காரணம் அரிசி. அவர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து பழகிவந்த புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். அப்போது உயிர்ச்சத்து என்ற பெயரே கிடையாது.

அதைச் சோதித்துப் பார்த்தது இதே கோலாலம்பூரில். 1905 டிசம்பரில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் இங்கிருந்த மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண் வந்தவர்களுக்குச் சயாம் வெள்ளை அரிசி, இரட்டை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. ஒரு வருடம் கழித்து வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் இரண்டு பேருக்குத்தான் நோய் இருந்தது, அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். ஒருவரும் சாகவில்லை. 1907இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

மாணவியாக இருந்தபோது இதை முதலில் படித்துப் பெருமையாக நினைத்தேன். நம்ம புழுங்கல் அரிசி, நம்ம ஊர், உலகத்துக்கே வழிகாட்டிய சோதனை. இப்போது படித்தால் அந்த 18 பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. வரிசையில் ஒரு இடம் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். கேட்க முடியாதவர்கள், வெளியே போக முடியாதவர்கள், போடுவதைச் சாப்பிட வேண்டியவர்கள் என்பதால்தான் அந்தச் சோதனை அவ்வளவு சுத்தமாக நடந்தது. ஏழைகளின் சோற்றை ஆராய்கிற நாங்கள் எல்லாரும் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள்தான் என்ற நினைப்பு எனக்கு விடுவதில்லை. இப்போது ஒப்புதல் படிவம் உண்டு, நெறிமுறைக் குழு உண்டு. ஆனாலும் பதினான்காவது மாடி அம்மா என்னை உள்ளே விட்டது, வேண்டாம் என்றால் எந்த உதவியாவது நின்றுபோகுமோ என்ற பயத்திலா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.

18 ஆகஸ்ட்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே முடித்துவிட்டேன். புழுங்கல் நல்லதுதான். ஆனால் விலைக் கட்டுப்பாட்டில் இருப்பது உள்ளூர் வெள்ளை அரிசி, 10 கிலோ 26 வெள்ளி. புழுங்கல் இறக்குமதி. 2023இல் இந்தியா அதற்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டபோது எங்கள் அடுக்குமாடிகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் விட்டுவிட்டார்கள், பிறகு திரும்பவில்லை. கட்டுப்படியானால் சாப்பிடுங்கள். முடியாவிட்டால் வெள்ளை அரிசியோடு பருப்பும் நெத்திலியும் சேரட்டும். பெரிபெரி வராது.

2 செப்டம்பர்

எல்லார் மைகார்டிலும், அதாவது குடிமக்களின் அடையாளக் கார்டிலும், அடிப்படைப் பொருள் வாங்க அரசாங்கம் கொடுக்கும் நூறு வெள்ளி சாரா உதவி ஆகஸ்ட் 31 முதல் வந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும். நல்ல காரியம். இரண்டு நாளாக அடுக்குமாடிப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்குப் போகிறார்கள். அரிசி, எண்ணெய், முட்டை, சார்டின் டின். பாசாரில் கெம்போங் மீன் விற்கிறவரிடமும் கீரைக்கட்டு விற்கிற பாட்டியிடமும் கார்டைத் தட்ட முடியாது. அது ஒரு குறை.

பெரிய குறை வேறே. ஆறாவது மாடியில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிறந்தது இந்த நாட்டில், ஒரு தோட்டத்தில். பெற்றவர்கள் பிறப்பைப் பதியவில்லை. கல்யாணம் கோயிலில் நடந்தது, தாலி ஏறியது, ஊரே சாப்பிட்டது. அவளிடம் அடையாளக் கார்டு இல்லாததால் பதிவுத் திருமணம் நடக்கவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அம்மாவின் நிலைதான் வரும். கணவன் குடிமகன், பிள்ளைகள் இரண்டும் எந்த நாட்டையும் சேராதவர்கள். கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள் என்று பயந்து சின்னதை எடை பார்க்கவே கொண்டுபோவதில்லை. 1989 முதல் எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உணவுக் கூடை கொடுக்கும் திட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. எடையே பார்க்காத பிள்ளை அந்தக் கணக்கில் எப்படி வரும்?

இந்த வீட்டில் நான் அளந்துதான் சொன்னேன்: பிள்ளைக்கு எடை குறைவு, கிளினிக் போங்கள். அவள் தலையை ஆட்டினாள். போகமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானே ஒரு நாள் கூடப் போவது என்று முடிவு செய்தேன். ஆய்வு விதிப்படி அது என் வேலையில் சேராது.

5 செப்டம்பர்

போய் வந்தோம். முகப்பில் இருந்த தாதி நல்ல மனுஷி. எடை பார்த்தார்கள், பிள்ளையின் பெயரில் சுகாதாரப் புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள். கட்டணத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள்.

16 செப்டம்பர்

பள்ளி விடுமுறை வாரம். ஒரு பாட்டி சொன்னது: "ஸ்கூல் லீவுன்னா அரிசி சீக்கிரம் தீந்துருது."

பள்ளியில் வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுத் திட்டம் 1979இல் தொடங்கியது, ஆர்எம்டி என்று எல்லாருக்கும் தெரியும். விடுமுறையில் அது கிடையாது. கேள்வி கேட்ட வாசகர் "பள்ளியில் சாப்பாடு கொடுக்கிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். உண்மைதான், பள்ளி நடக்கிற நாளில், அந்தப் பிள்ளைக்கு மட்டும். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தினமும் டப்பாவில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவருவதை ஒரு வீட்டில் பார்த்தேன். தம்பிக்கு. அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது விதி, ஆசிரியை கண்டும் காணாமல் விடுகிறார். அவள் சாப்பிட்டதை நான் எழுதும்போது பாதிக் கோழி என்று எழுதினேன். தம்பியின் தாளில் மீதிப் பாதி. இரண்டு தாளையும் தனித்தனியே பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

24 அக்டோபர்

தீபாவளிக்குக் கூலிம் பக்கம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன், அதுதான் இத்தனை நாள் எழுதவில்லை. போன இடத்தில் ஒன்று பிடிபட்டது.

பசியை அளக்க எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறோம், உலகம் முழுக்கக் கேட்கிற கேள்விகள்தான். அதில் ஒன்று, பணமில்லாததால் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டீர்களா என்பது. நம் பெண்கள் பெரும்பாலும் இல்லை என்பார்கள். இல்லை என்று எழுதிக்கொண்டு நானும் வந்துவிடுவேன். பதினோரு வருடமாக.

தீபாவளியன்று இருபது பேர் சாப்பிட்டோம். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார். நீங்க உட்காருங்கம்மா என்றேன். "எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு." மூன்று மணிக்குச் சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து, ஆட்டுக்கறிச் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறி இல்லை, மசாலாதான். வசதியான வீடு இப்போது, ஐஸ் பெட்டி நிறையக் கறி இருக்கிறது. எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் என்னைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, திரும்பி வந்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, இப்படித்தான் சட்டியில் சோறு போட்டுச் சாப்பிடுவார். அம்மா அவரிடம் கற்றது. பாட்டிக்கு அப்போது வேறு வழி இருந்திருக்காது.

அந்தப் பெண்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை. அவர்கள் வேளையை விடவில்லை, பசிக்கவில்லை, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டார்கள். கேள்விதான் அவர்கள் வீட்டுக்குள் போகவில்லை.

திரும்பி வந்ததும் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்: "நேத்து ராத்திரி கடைசியா சாப்பிட்டது யாரு? அப்ப சட்டியில என்ன இருந்துச்சு?" பதினான்காவது மாடி அம்மா உடனே சொன்னார்: "நான்தான். அடிச்சோறு இருந்துச்சு, கிச்சாப் ஊத்திக்கிட்டேன்." முட்டை? "மூணு முட்டதானே." ஜூலையில் இதே வீட்டில் இதே அம்மா வேளையை விட்டதில்லை என்று நான் எழுதியிருக்கிறேன். ரத்தசோகை எங்கிருந்து வருகிறது என்று அட்டவணைகளில் தேடிக்கொண்டிருந்தேன்.

26 அக்டோபர்

"ஆண்கள் என்ன செய்கிறார்கள், அவர்களையும் கேட்டீர்களா" என்று எழுதியவருக்கு. கேட்கிறேன். நான் போகிற வீடுகளில் பாதியில் பகலில் ஆண் இல்லை, சிலவற்றில் ஆணே இல்லை. இருந்த ஒரு வீட்டில், கடைசியாகச் சாப்பிட்டது யார் என்ற கேள்விக்கு லாரி ஓட்டும் அப்பா ஒருவர் நெடுநேரம் யோசித்து, "தெரியலம்மா, நான் சாப்பிட்டுப் படுத்துடுவேன்" என்றார். அவர் மனைவி எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது, அவரும் பிள்ளைகளும் அம்மா உட்காரும்வரை காத்திருப்பதாகச் சின்ன மகள் சொன்னாள், சோறு ஆறிப்போகிறது என்று குறையாக.

9 நவம்பர்

முன்பு நான் இருந்த ஓர் ஆய்வில் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகளை அளந்தோம். கட்டுரை வந்தது. ஒரு வீட்டுக்கும் நாங்கள் திரும்பிப் போகவில்லை. பணம் முடிந்துவிட்டது, ஆட்கள் கலைந்துவிட்டார்கள். வருடங்கள் கழித்து ஒரு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அந்த அம்மாக்களில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "எம் பொண்ணு அளவு என்னாச்சு மிஸ்ஸி? நல்லாருக்கான்னு சொல்லவேயில்லியே" என்றார். அந்தப் பெண் அதற்குள் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் போய்விட்டாள்.

இம்முறை ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பிப் போகிறோம். தாளில் உள்ளதைத் தமிழில் சொல்கிறோம். கதவுச் சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, மூன்று மாதம் கழித்து எவ்வளவு மேலே வர வேண்டும் என்று இன்னொரு கோடும் போடுகிறேன்.

முதலில் கேள்வி கேட்ட வாசகர் போன வாரம் இரண்டு இரவு என்னோடு வந்தார், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அளவுப் பலகையை அவர்தான் தூக்கினார். கீழ்த்தளத்தில் எட்டரைக்கு டின் கூட்டம் வைத்தோம், பதினேழு பெண்கள் வந்தார்கள். டின்னைப் பற்றி நான் பேசினேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அடுப்பு மூட்ட முடியாத வீட்டின் சங்கடத்தைப் பதினான்காவது மாடி அம்மா சொன்னதும், ஆறாவது மாடிப் பெண் எழுந்து, அரிசியோடு மைசூர்ப் பருப்பு, நறுக்கின கேரட், கழுவின நெத்திலி எல்லாவற்றையும் ரைஸ் குக்கரிலேயே போட்டுவிடலாம் என்றாள். தீ கிடையாது, பாட்டி மூடியைத் திறந்தால் போதும். கீரையைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் போட்டுக் கிளறினால் பருப்போடு கலந்துவிடும், கறுத்தது கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது இது. மிஸ்ஸி, மத்தியானம் வரைக்கும் கெட்டுப்போகாதா என்று என்னைக் கேட்டார்கள். குக்கர் சூட்டிலேயே இருந்து, உள்ளே 60 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் கெடாது என்றேன். பிறகு சந்தேகம் வந்து, வெப்பமானியைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் குக்கரில் காலையிலிருந்து மத்தியானம் வரை மணிக்கொருமுறை பார்த்தேன். 68க்குக் கீழே போகவில்லை. பழைய குக்கர் வைத்திருப்பவர்கள் தங்களுடையதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது மாதக் குழந்தைக்கு இப்போது இருபத்துமூன்று மாதம். நேற்று அளந்ததில் ஜூலைக் கோட்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் மேலே வந்திருக்கிறாள். இந்த வயதில் நான்கு மாதத்துக்கு நான்கு சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும், ஆகவே இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள். அதை அவள் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் பென்சிலை வாங்கி, அடுத்த கோட்டை நான் போட்ட இடத்துக்கு இரண்டு விரல் மேலே போட்டார். பிப்ரவரியில் பலகையோடு திரும்பப் போகிறேன்.